ஐந்தொகை

தீவனத்தொட்டிக்குள் தலை நுழைந்ததும்
காதில் தொங்கும் வில்லையைச் சட்டம் படித்துக்கொள்ளும்.
யார், எப்போது, எத்தனை நிமிடம், எத்தனை கிராம்.
புதுவயல் மில்லிலிருந்து மூட்டையாக வந்த தவிடு
கிராம் கிராமாக என் கைப்பேசியில் இறங்கும்.

பள்ளத்தூர் விலக்கிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர்.
வழி கேட்பவர்களிடம்
மூக்கைக் கேளுங்கள் என்பேன்.

பன்னிரண்டாம் கொட்டிலில் பத்து இளம் ஆண்கள்.
ஒரு தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு தலை.
இருநூற்றுப் பதினான்கு
நாளுக்கு ஐந்து முறைதான் வருவான்,
வந்தால் அடிமண்டி வரை வழித்துவிட்டே திரும்புவான்.
இரண்டேகால் கிலோ தின்று ஒரு கிலோ ஏறுகிறவன்.
நூற்றைம்பதாம் நாள் தராசில் நூற்றுப் பதினொன்று.
அதைப் படமெடுத்து
கடன் கொடுத்த வங்கி மேலாளருக்கு அனுப்பினேன்.
கைகூப்பும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

இருநூற்றொன்பது பதினெட்டு முறை வருவான்.
நாலு வாய்;
பின்னால் யாராவது உறுமினால் விலகிவிடுவான்.
தராசில் நூற்றிரண்டு.
அட்டவணையில் ஆறாம் வரி.
ஆறாம் வரியை யாரும் பொலிக்கு நிறுத்துவதில்லை.

கழுவிவிட வந்த அடைக்கலம்தான்
குழாயை மூடிவிட்டுச் சொன்னான்:
"பதினாலு நல்லாத்தான் இருக்கான் அக்கா.
அவன்கூட இருக்கறவங்க வாலைப் பாருங்க."

பார்த்தேன்.
ஏழு வால்களில் பல் பட்டிருந்தது.
இரண்டு பேருக்கு வாலே பாதிதான்.

அன்றிரவு ஐந்தொகையை மறுபடி போட உட்கார்ந்து
இதுவரை திறக்காத பக்கத்தைத் திறந்தேன்: இரவு.
இரண்டேகாலுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மூன்றுக்கு இருநூற்றாறு.
பன்றி பகலில் தின்னும் பிராணி.
இவர்கள் தூக்கத்தை விற்றுத் தவிடு வாங்கியிருக்கிறார்கள்.
சட்டம் படிப்பது உள்ளே வந்த தலையைத்தான்.
வெளியே நின்று திரும்பிப்போனவனும்
காதில் வில்லையோடுதான் நின்றான்;
நின்றதற்குக் கிராம் இல்லை.

பந்திக்கு முந்து என்றவர்
முந்தினவன் வயிறு நிறைந்ததோடு
கணக்கை மூடிவிட்டார்.
காரைக்குடி மண்டபங்களின் மிச்சச் சோற்றை
டிரம்மில் ஏற்றிவந்து பன்றி வளர்த்த முதல் வருஷம்
எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஒருவனின் முரட்டுத்தனம் என்றால் கொட்டிலை மாற்றிவிடலாம்.
ஆனால் தகப்பன்வழித் தம்பிகள் நாலாம் கொட்டிலில் இருவர்,
ஒன்பதாம் கொட்டிலில் ஒருவன்.
எட்டு நாள் கூட்டிக் கழித்தேன்.
அவர்கள் எங்கே இருக்கிறார்களோ
அங்கே அவர்கள் மட்டும் கொழுக்கிறார்கள்.
இருநூற்றொன்பதின் உடன்பிறப்புகள் இருக்கும் கொட்டிலிலோ
முதல் வரிக்காரன் எவனும் இல்லை,
மொத்தத் தராசில் முப்பத்தேழு கிலோ கூடுதல்.
அடுத்தவனுக்கு இடம் விடுவதும்
ரத்தத்தில்தான் வருகிறது போல.

பதினான்கைப் பொலிக்கு நிறுத்தினால்
வருஷத்துக்கு நானூறு குட்டி,
குட்டிக்குக் குட்டி, வட்டிக்கு வட்டி.
இந்தச் சீமையில் அதை எனக்கு
யாரும் விளக்கவேண்டியதில்லை.

வியாழக்கிழமை கோட்டயம் லாரி.
குரியச்சன் அவன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்.
இதையா தர்றே?
இதைத்தான்.
ஏறுபலகைக்குக் கடைசியாக வந்தவன்
மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு
முதலில் ஏறினான்.

வெள்ளி காலை கைப்பேசி:
நூற்றுத் தொண்ணூற்றெட்டு, பத்து மணிக்கு, பகலில்,
பதினோரு நிமிடம்.
இருநூற்றொன்பது, வழக்கம்போல நாலு வாய்.
இருநூற்றாறு, இருபத்தாறு நிமிடம்,
நடுவில் ஒருவனையும் விடவில்லை.

ஒரு நாள் கணக்கை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது.
அடைக்கலத்திடம் சொல்லியிருக்கிறேன்,
தினமும் கழுவும்போது
வால்களை எண்ணிவைக்க.