ஒன்பதாவது குழி

பண்ருட்டிக்குத் தெற்கே, புயலில் சாய்ந்த முந்திரியின்
வேர்மண்ணோடு மேலே வந்தது முதல் பானை ஓடு.
பிறகு நாங்கள் வந்தோம்,
நூல், ஆணி, தூரிகை, வாடகை வேன்.

இரண்டு முழம் இறங்கியதும் செம்மண்ணில் கறுப்பு வட்டங்கள்,
டீக்கடை டம்ளரைக் கவிழ்த்துவைத்து எடுத்த மாதிரி.
ஒவ்வொன்றும் ஒரு மரக்கால் நின்ற இடம்.
மரம் மக்கி, நிறம் மட்டும் நிற்கிறது.
எண் போட்டுக் கட்டத்தாளில் ஏற்றுவது என் வேலை.
எட்டைச் சேர்த்தால் ஒரு வட்டம் வந்தது,
ஆறு பேர் கால் மடக்கிப் படுக்கலாம்.
நடுவே கரி, கெளுத்தி முள்.
ஒன்பதாவது எந்த வளைவிலும் உட்காரவில்லை.
மேலதிகாரி அதற்கு நேராக
'சடங்கு?' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மண்கூடையை இறக்கிவிட்டுக் கொளஞ்சி எட்டிப் பார்த்தாள்.
"கால எடுத்துக்காமப் போயிருக்காங்க சார்.
போறவங்க மொதல்ல கூரையப் பிரிப்பாங்க,
அப்பறம் காலப் புடுங்குவாங்க.
புடுங்குனா மண்ணு கலந்துரும்.
இது நின்ன வாக்குலயே மக்கியிருக்கு."

அவள் வீட்டு விவரம் மெதுவாக வந்தது,
மூன்று நாள் கூடைகளுக்கு நடுவே.
ஏரிப் புறம்போக்கு. நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே
ஆறு சவுக்குக் கால்களையும் புருஷன் பிடுங்கி
மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டான்.
மஞ்சள் இயந்திரம் வந்தபோது இடிக்க ஒன்றுமில்லை.
டிரைவர் டீ குடித்துவிட்டுத் திரும்பினாராம்.
அதே கால்கள் இப்போது நெய்வேலி ரோட்டோரம்.
அடியில் மக்கியதை வெட்டிவிட்டுத்தான் மறுபடி நட வேண்டும்.
இது மூன்றாவது இடம்.
இடத்துக்கு ஒரு சாண் கூரை இறங்கியிருக்கிறது.
புருஷன் குனிந்துதான் உள்ளே நிற்கிறான்.

"அப்படின்னா இவங்க?"
"திரும்பி வரலாம்னு நெனச்சிருப்பாங்க.
இல்லன்னா, தூக்கிட்டுப் போக ஆளில்ல."

"அந்த ஒன்பதாவது?"
"எனக்கெப்படித் தெரியும்?
எங்க ஊடா அது?"

நாலு மணிக்குக் கடலூர்ப் பக்கமிருந்து மழை ஏறி வந்தது.
தார்ப்பாயை இழுத்துப் பிடித்தோம்.
நாலாவது கயிற்றுக்குக் கட்ட இடமில்லை.
முளையை எடுத்துக்கொண்டு
நேரே ஒன்பதாவதின் மேல் குத்தப் போனாள்.
கத்தினேன்.
ஒரு சாண் தள்ளி அடித்தாள்.

ஈரத் தாளில் அதையும் குறித்துக்கொண்டேன்:
பத்து.
நிறம் இன்னும் பிடிக்கவில்லை.