மூன்றாம் பாகம்

வாடகை நூலகத்தில் அந்த நாவல் மூன்று பாகம்.
இரண்டு முடிந்து நாலு வாரம்.
"மூன்றாவதை வேறு யாரோ எடுத்துப் போயிருக்கிறார்களாம்"
என்றான் ஜேபெஸ், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி,
முகம் பாராமல்.

அவன் பொய் சொல்லும் விதம் ஹெஸ்டருக்குத் தெரியும்.
கல்யாணத்துக்கு முன் அடகுபோன கைக்கடிகாரத்தைப்
பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னவன்.
இன்றுவரை அது பழுதாகவே இருக்கிறது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை.
ஹாலிஃபாக்ஸ் தறிக்கூடத்தில் பதினாறு வருடம்;
கண்ணில் பாதியைக் கம்பளி நூல் தின்றுவிட்டது,
நாக்கு மட்டும் முழுசாக இருக்கிறது.
நவம்பரில் ஒரு ராத்திரி
அவள் காலுறை தைக்க, அவன் வாசிக்க,
'பிரிக்கவொண்ணாத' என்ற சொல்லில் அவன் இடறியபோது
சிரித்தாள்.
மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம்
நடித்தும் காட்டினாள்.

நாவலின் நாயகன் இடறுவதே இல்லை.
மழையில் பத்து மைல் குதிரையேறி வந்தாலும்
அவன்மேல் ஈரக் கம்பளி நாறுவதில்லை.
கடன்காரன் யாரும் அவன் கதவைத் தட்டுவதில்லை.

இரவுகளில் ஜேபெஸ் படுக்கையிலிருந்து நழுவினான்.
சாராயமா?
கசாப்புக்கடை விதவையா?
ஏழாம் இரவு சால்வையைச் சுற்றிக்கொண்டு
பின்னாலேயே போனாள்,
திட்ட வேண்டிய வார்த்தைகளை
வரிசையாக அடுக்கிக்கொண்டே.

லாயத்தில் விளக்கு.
கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து
வரிக்கடியில் விரலைத் தள்ளித் தள்ளி
வண்டிக்குதிரையிடம் அவன்
காதலைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
"நீயும் நானும் பிரிக்க... ஒன்று... பிரிக்கவொ..."
குதிரை வைக்கோல் மென்றது.
மறுபடி முதலிலிருந்து.
மறுபடி.

அடுக்கியதில் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை அவளுக்கு.
நல்ல நாயகி என்றால் இந்த இடத்தில்
ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

"பிரிக்கவொண்ணாத" என்றாள் ஹெஸ்டர் இருட்டிலிருந்து.
"ஒரே மூச்சில் சொல்லணும், மடையா."

காது சிவக்கப் புத்தகத்தை மூடினான்.
தாமதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள்.
எட்டுப் பென்ஸ்.
அதற்கொரு சண்டை, குதிரை காதை மடக்கும் அளவுக்கு.

பிறகு இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு
அவன் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.
"முடிவு தெரியுமா உனக்கு?"
"தெரியும்."
"சொல்லித் தொலைக்காதே. வாசி."

அன்றிரவு அந்த நாயகன் முதல்முறையாகத் திக்கினான்.
அவன்மேல் குதிரைச் சாணமும் ஈரக் கம்பளியும் மணத்தன.
ஐந்து பிழையில் நான்கைத்தான்
ஹெஸ்டர் திருத்தினாள்.