எழுபத்திரண்டு லிட்டர்

குளச்சல் பங்கில் காலை ஆறரை.
இடவப்பாதி மழை சாய்ந்து சாய்ந்து அடிக்கிறது.
ஐந்து லிட்டர் அளவையை நனைத்து, வடியவிட்டு,
மட்டம் பார்த்து நிறுத்தினேன்.
டீசல் கழுத்துவரை ஏறி
கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டது.
மூன்று முறை பிடித்தேன்.
மூன்று முறையும் முப்பது மில்லி குறைவு.
இருபத்தைந்துவரை சட்டம் பொறுக்கும்.

“மழையாக்கும் மேடம், அளவையில தண்ணி நிண்ணிருக்கும்”
என்றார் மேனேஜர்.
“தண்ணி நிண்ணா கூடத்தான செய்யும்?”
என்றாள் குழாய் பிடிக்கும் ஷைனி,
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு.

அடர்த்திப் பதிவேட்டைக் கேட்டேன்.
பதினோரு மாதம். எல்லா நாளும்
இருபத்தொன்பது டிகிரி, எண்ணூற்று இருபத்தாறு.
ஒரே பேனா. அடித்தல் இல்லை.
விரலின் எண்ணெய்கூடப் படியாத பக்கங்கள்.
பங்குனி வெயிலுக்கும் ஆடிச் சாரலுக்கும்
அசைந்து கொடுக்காத டீசல்
எங்கள் கம்பெனியில் மட்டும்தான் கிடைக்கும் போல.

டீலர் ஏசுவடியான் மறுக்கவில்லை.
பைய எழுந்துபோய் பீரோவைத் திறந்து
ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய ஒரு கோப்பை
என் முன்னால் வைத்தார்.
முப்பத்தேழு கடிதங்கள்.
லாரி எண், சீல் எண், குச்சி காட்டிய உயரம்.
பன்னிரண்டாயிரம் என்று ரசீது சொன்ன லோடில்
எழுபத்திரண்டு லிட்டர் இல்லை.
மறு லோடிலும் எழுபத்திரண்டு.
“எழுதி எழுதி கை கழிஞ்சு மேடம். ஒரு மறுபடி உண்டா?
மேலருந்து கொறஞ்சு வந்தத
நானும் கீழ எறக்கி விட்டேன்.”

கைபேசியில் கணக்குப் போட்டேன்.
பன்னிரண்டாயிரத்துக்கு எழுபத்திரண்டு,
ஐந்துக்கு முப்பது மில்லி.
ஒரே விகிதம்.
தனக்கென்று ஒரு சொட்டும் ஒதுக்காமல்
வந்த களவை வந்தபடி கைமாற்றியிருக்கிறார்.
இதை நேர்மை என்று சொல்ல முடியாது.
வேறு என்னவென்று சொல்வதெனவும் தெரியவில்லை.

கடித நகல்களில் எங்கள் அலுவலக முத்திரை: பெறப்பட்டது.
அதன்கீழ் பச்சை மையில்
“கோப்பில் வைக்கவும்.”
அதன்கீழ் ஒரு சுருக்கொப்பம்,
வால் நீண்ட சுழி.
என்னுடையது.
மார்ச் முப்பது. அன்றுதான்
விற்பனை இலக்கைத் தாண்டியதற்குக் கேக் வெட்டினோம்.
நேர்மை உறுதிமொழி கண்ணாடிச் சட்டத்துக்குள்
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அதற்கும் ஒரு துண்டு தந்திருப்போம், வாயிருந்தால்.

மதுரையிலிருந்து போன்.
“டீலர் மேல மட்டும் போடும்மா.
முனையம் வேற துறை. லாரி வேற காண்ட்ராக்ட்.
எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதாத.”
மழை இரைச்சலில் கேட்கவில்லை என்றேன்.
கேட்டது.

வெளியே கிளீட்டஸ் காத்திருக்கிறார்,
மினி லாரியில் காலிப் பீப்பாய்களோடு.
தங்கலுக்குப் போகிற படகு, மூவாயிரம் லிட்டர்.
அதில் பதினெட்டு, ஒவ்வொரு முறையும்.
கரையின் விளக்கு தெரிகிற தூரத்தில்
எஞ்சின் இருமி நின்ற இரவு உண்டா என்று
கேட்க எனக்குத் துணிவில்லை.

அறிக்கை எழுதினேன், கார்பன் வைத்து, அழுத்தி.
பம்ப்: சீல் வைக்கப்பட்டது.
இணைப்பு: கடிதங்கள், முப்பத்தேழு.
பொறுப்பு என்ற கட்டத்தில்
முனையம், லாரி ஒப்பந்தக்காரர், டீலர்,
பிறகு என் பெயர், என் பணியாளர் எண்.
மூன்றாம் பிரதியைப் பங்கின் கண்ணாடிக் கதவில்
மழை படாத பக்கமாக ஒட்டினேன்.

கிளீட்டஸ் விரல் வைத்து வாசித்தார், உரக்க.
கடைசிப் பெயரில் விரல் நின்றது.
“இது நீங்களாக்குமா?”
“ஆமா.”
“அப்போ அந்தப் பதினெட்டு?”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை.
பீப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டி அலற
முட்டத்துப் பங்குக்கு வண்டியைத் திருப்பினார்.

அந்தப் பங்கும் எங்களுடையதுதான்.
அதை அளக்க
இன்னும் நாள் குறிக்கவில்லை.