மீதி

குப்பிக்குப் பெயர் கிடையாது.
ஒட்டுச்சீட்டில் இரண்டு எழுத்து, ஒரு தேதி,
பத்தொன்பது என்கிற எண்.
பிப்ரவரி பதினொன்று.
தார்த்து நகரம் முழுக்க அன்று பனிப்புயல்;
மருத்துவமனையிலிருந்து இரண்டு தெரு தாண்டி வர
அந்த ரத்தத்துக்கு நாற்பது நிமிடம் பிடித்தது.

முப்பத்தேழு டிகிரி வெப்பம்.
திங்கள், புதன், வெள்ளி சாப்பாடு.
ரோஜா நிறத் திரவம் மஞ்சளானால்
பசியாறிவிட்டன என்று பொருள்.
என் மகனுக்கு நான் இவ்வளவு நேரம் தவறாமல்
ரொட்டி எடுத்து வைத்ததில்லை.

வளரத் தெரிந்த, முதிரத் தெரியாத வெள்ளணுக்கள்.
செல் என்றால் செல்லாத செல்கள்.

மார்ச்சில் வார்டிலிருந்து ஒரு தாள் வந்தது:
பத்தொன்பதிடமிருந்து இனி மாதிரி வராது.
அவ்வளவுதான் எழுதுவார்கள்.
அன்று வெள்ளிக்கிழமை.
திரவத்தை மாற்றினேன்.

ஏப்ரலில் ஒருவர் வந்தார்.
பேருந்து ஓட்டுநர் சீருடை,
சட்டையில் உர்மாஸ் என்று வில்லை.
இரண்டு நடைக்கு நடுவே
இருபது நிமிடம் இருக்கிறது என்றார்.
மனைவி கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல்,
நான்காக மடித்தது, சட்டைப் பையில்.
"அவளுடையது கொஞ்சம் இங்கே இருக்கிறதாமே."

விதி எனக்குத் தெரியும்.
சிலவற்றை எழுதியதே நான்தான்.
எது யாருடையது என்று சொல்லக் கூடாது.
சொல்லவில்லை.
அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து
நுண்ணோக்கியில் வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தொப்பியைக் கழற்றினார்.
ஒரு கண்ணை மூட வேண்டுமா என்று கேட்டார்.
வேண்டாம், இரண்டாலும் பாருங்கள்.

வெகுநேரம் பார்த்தார்.
"உருண்டையாய், மினுமினுவென்று...
அழகாக அல்லவா இருக்கின்றன."

கொன்றது இவைதான் என்று
எப்படிச் சொல்வது?
சொன்னேன்.
வேறு யாராவது சொல்லி அவர் கேட்பதைவிட...
இல்லை, அப்படியெல்லாம் யோசிக்கவில்லை.
வாயில் வந்துவிட்டது.

அவர் கண்ணை எடுக்கவில்லை.
"தெரியும். இருந்தாலும் அவளுடையவைதானே.
இந்தப் பிடிவாதம் வேறு யாருக்கு வரும்?"
ஐலி என்று ஒருமுறை முணுமுணுத்தார்.
நான் காதில் வாங்காதது போல் இருந்தேன்.
போகும்போது வாசலில் நின்று,
"சூடாகத்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்றார்.
"அவளுக்குக் குளிர் ஆகாது."

மறுநாள் நாற்பத்தோராவது மருந்தை விட்டேன்.
சொட்டுக்கூட இல்லை;
சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
முன்னால் போன நாற்பதும் என் குறிப்பேட்டில்
சிவப்பு மையில் படுத்திருக்கின்றன.

இரண்டு நாள் கழித்துச் சாயம் கலந்தேன்.
இறந்த செல் நீலத்தைக் குடித்துவிடும்.
உயிருள்ளது வாயை இறுக மூடிக்கொண்டு
பளபளக்கும்.
படித்த படிப்பெல்லாம் கடைசியில்
யார் குடிக்கவில்லை என்று எண்ணத்தான்.
கட்டைவிரலுக்கடியில் எண்ணும் கருவி,
டிக், டிக், டிக்.

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு நீலம்.
மறுபடி எண்ணினேன்.
பிறகு லீசியைக் கூப்பிட்டு
அவளையும் எண்ணச் சொன்னேன்,
என் விடையைச் சொல்லாமல்.
தொண்ணூற்று நான்கு.

சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?
நடைபாதைக்குப் போய் காபி இயந்திரத்தின் தலையில்
செல்லமாக ஒரு தட்டு தட்டினேன்.
கோப்பை நிறைந்து, ஆவி முகத்தில் பட்ட பிறகுதான்
குளிர் ஆகாது என்று அவர் சொன்னது
நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் ஏழாம் எண் பேருந்து.
ஓட்டுநர் இருக்கையில் அவர்.
சொல்லக் கூடாது.
அட்டையை இயந்திரத்தில் காட்டிவிட்டு,
கம்பியைப் பிடித்தபடி, யாருக்கோ சொல்வது போல
"தொண்ணூற்று நான்கு" என்றேன்.

"நூற்றுக்கா?"
"நூற்றுக்கு."

பாலம் வந்தது.
கீழே எமயோகி, பனிப்பாளம் உடைந்து,
பழுப்பாய், அவசரமாய்.
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் கேட்டார்:
"மீதி ஆறு?"

பின்னால் யாரோ
இறங்க வேண்டுமென்று மணியை அழுத்தினார்கள்.