ஏழாம் நம்பர் மதகு

ஜெசிந்தா,
சுவரிதழ் தொடங்க என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய்.
நாலு சார்ட் அட்டை, மைதாப் பசை,
சாரல் எட்டாத ஒரு சுவர்.
எங்களுடையது சத்துணவுக் கூடத்தை ஒட்டியது.
முதல் இதழை எலி தின்றது.
பசையில் இரண்டு சொட்டு வேப்பெண்ணெய் விடு.

பெயர் வைக்கும் வேலை மட்டும் உனக்கு வேண்டாம்.
'இளந்தளிர்' என்று எழுதிக்கொண்டு போனேன்.
ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஒரு வாரம் சண்டை போட்டு அவர்களே வைத்தார்கள்:
'ஏழாம் நம்பர் மதகு'.
பள்ளிக்குப் பின்னால் இருக்கிறது அது,
துருப்பிடித்து, பாதி திறந்தபடி.

தினம் ஒன்று என்று வாக்குக் கொடுக்காதே.
கொடுத்தேன்;
ஒன்பதாம் நாள் காய்ந்து போயிற்று.
நீ திருவையாற்றில் இருக்கிறாய்,
தண்ணீர் முதலில் உனக்கு.
இங்கே ஐந்து நாள் திறப்பு, ஐந்து நாள் அடைப்பு.
நானும் முறை வைத்தேன்:
வெள்ளிக்கு வெள்ளி, ஆறு பேர்.
முறை வராதவன்தான்
அதிகம் எழுதி வைத்திருக்கிறான்.

சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி
வாய்க்காலின் கடைசி வயலிலிருந்து
இமயவரம்பன் எழுதினான்:
"தண்ணி வந்துச்சு. கூட ஒரு செருப்பும் வந்துச்சு."
'தண்ணீர் வந்தது' என்று திருத்தினேன்.
செருப்பு எதற்கு என்று அடித்தும்விட்டேன்.
அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
மூன்று வாரம் கெஞ்சி வாங்கினேன்,
செருப்போடு.

கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டு,
படிப்பவர்கள் ஏதாவது எழுத.
பக்கத்தில் சணலில் கட்டிய பென்சில்.
பென்சில் திருட்டுப் போகும்.
போகட்டும், எடுத்தவனும்
எதையோ எழுதத்தான் எடுத்திருப்பான்.
பால் சொசைட்டிக்காரர் எழுதியிருந்தார்:
"செருப்பு என்ன சைஸ் தம்பி?"
மறுநாள் அதற்குக் கீழே:
"ஒம்போது. எடது காலு."
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது
இது நடந்துவிடும் என்று.

இனி சொல்லப் போவதை
முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒருத்தி எழுதினாள்.
பெயர் சொல்ல மாட்டேன், இப்போதாவது.
தை மாசக் கடைசி, கொள்முதல் நிலையம்,
நெல் மூட்டைகளுக்குக் காவலாக
அப்பா ஆறு ராத்திரி அங்கேயே படுத்தது,
தார்ப்பாய் வாடகை,
மூட்டைக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பது.
நல்ல எழுத்து, ஜெசிந்தா.
அதைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை.
இனிஷியல், முழுப்பெயர், தெரு
எல்லாவற்றையும் ஸ்கெட்ச் பேனாவால்
நானே பெரிதாக எழுதி ஒட்டினேன்.
வெள்ளிக்கிழமை பதினேழாக இருந்த ஈரப்பதம்
திங்கட்கிழமை இருபத்திரண்டு ஆயிற்று.
இடையில் ஒரு தூறல்கூட இல்லை.

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த முறை வந்தபோது
'எனக்குப் பிடித்த பறவை மயில்' என்று
நாலு வரி கொடுத்தாள்.
ஒரு பிழை இல்லை.

அதனால், கேள்.
எழுதியவளைக் கேள், வீட்டில் கேள்,
ஒட்டுவதற்கு முன் இன்னொரு தரம் கேள்.
முழுப்பெயர் வேண்டாம், தெரு வேண்டவே வேண்டாம்.
மூட்டைக்குக் கேட்ட கணக்கை
யாராவது எழுதத்தான் வேண்டும்.
அதற்குப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையெழுத்து வேண்டாம்.
நான் தனியாக எழுதி, என் கையெழுத்துப் போட்டு,
மேலே அனுப்பினேன். தாமதமாகத்தான்.
பதில் இன்னும் வரவில்லை.

சுவருக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வை.
எங்களுடையது பழைய பிஸ்கட் டின்.
மேலே 'ஒட்ட வேண்டாம்' என்று எழுதியிருக்கும்.
அதில் போடுவதை நான் மட்டும் படிப்பேன்,
படித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
இரண்டு மாதம் அதில்
ஐஸ் குச்சியும் புளியங்கொட்டையும்தான் கிடந்தன.
பங்குனியில் ஒரு நாள்
எட்டாக மடித்த தாள் ஒன்று.
கையெழுத்து தெரிந்தது.

அதில் என்ன இருந்தது என்று
உனக்கும் சொல்வதற்கில்லை.
மயில் இல்லை.

பென்சிலை டஜனாக வாங்கிக்கொள்.