வலது கால்

தபால்காரன் நான்.
பாரோ நகரில், கப்பல் கட்டும் தளத்துக்குப் பின்னால்
பதினேழு தெருக்கள் என் பொறுப்பு.
நாளுக்கு இருபது கிலோமீட்டர் நடப்பவன்
ஞாயிறு மதியம் உள்ளரங்கில்
சக்கர நாற்காலியில் உட்கார்ந்து
கால்களைப் பட்டையால் இறுக்கிவிட்டால்
அணியிலேயே மெதுவானவன்.

ஆள் ஒன்று குறைந்தது அவர்களுக்கு.
நடக்கிறவர்களும் ஆடலாம், இருவர் வரைக்கும்.
டாம்சின் பாசல்த்வெய்ட் அதை
மின்கட்டண உறையை வாங்கிக்கொண்டே சொன்னாள்,
பால் வாங்கி வரச் சொல்வதுபோல.

பிப்ரவரியில் ஹாலிஃபாக்ஸ்.
தொண்ணூற்றாறுக்கு எட்டு. எட்டு எங்களுடையது.
பந்தை முன்னால் வீசக் கூடாது, பின்னால்தான்.
சக்கரம் ஒரு பக்கம் ஓட
கை மறுபக்கம் ஆள் தேடும்.
தோளில் ஒட்டிய பட்டையை
எதிராளி பிடுங்கிவிட்டால் அது ஒரு பிடி.
ஆறு பிடியில் பந்து கைமாறும்.
பழந்துணி கிழிகிற அந்தச் சத்தம்
இரவெல்லாம் என் தோளில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மார்ச்சில் கூரை ஒழுகி
கோட்டின் மேல் வாளி வைத்தார்கள். ஆட்டம் இல்லை.
ஏப்ரலில் டியூப் இரண்டு வெடித்தது.
கார்த் ட்வென்டிமேன் பல்லால் வால்வைத் திறந்தான்.
முதுகுக்கு என்ன ஆனது என்று யார் கேட்டாலும்
ஒவ்வொருமுறையும் வேறு பதில் வைத்திருப்பான்:
சுறா. ஸ்பெயினில் ஒரு காளை. முதல் மாமியார்.
மே மாதம் முழுக்க
என் கட்டைவிரல் தோல் உரிந்து
கடித உறைகளில் சிவப்புப் புள்ளிகள்.
யாரும் புகார் செய்யவில்லை.

ஜூனில் ஜெயித்தோம். பார்த்தவர் ஒன்பது பேர்,
தரை துடைப்பவரையும் சேர்த்து.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது.
ஆட்டம் முடிந்து எழுந்து நிற்கும் அந்த நொடி.
எதிரணிக் குழந்தை ஒன்று வாயைத் திறந்து பார்க்கும்.
அதனால் எல்லோரும் போகும்வரை
உட்கார்ந்தே இருக்கப் பழகியிருந்தேன்.
"எழுந்திரு," என்றாள் டாம்சின்.
"பைகளைக் காரில் ஏற்று.
பின்னே எதற்கு உன்னைச் சேர்த்தோம்?"

செப்டம்பரில் கடைசி ஆட்டம், ஹல் அணியோடு.
முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு, இரண்டு நிமிடம் மிச்சம்.
சிவப்பு ஹெல்மெட்காரி நேராக என் மேல் வந்தாள்.
இரும்போடு இரும்பு.
என் நாற்காலி ஒற்றைச் சக்கரத்தில் நின்றது.
அவள் பட்டை என் கையில்!
பட்டையைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன்.
விசில்.
நடுவர் என் கையைப் பார்க்கவில்லை.

கீழே, தரையில்,
என்னைக் கேட்காமல் இறங்கி
என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது
வலது கால்.

தண்டனை உதை என்று பெயர்.
முஷ்டியால்தான் குத்துவார்கள்.
கம்பங்களுக்கு நடுவே போயிற்று பந்து.

உடைமாற்றும் அறையில் வெகுநேரம் பேச்சில்லை.
கார்த் குனிந்து என் காலை ஆராய்ந்தான்.
"என்னுடையது அசைந்திருக்காது," என்றான்.
"வளர்ப்பு அப்படி."
டாம்சின்தான் முதலில் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வர
வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

திங்கள் காலை அவள் வீட்டுச் சரிவில் ஏறி
ஒரு சிறு பொட்டலம் கொடுத்தேன்.
கையெழுத்துப் போட்டு, அங்கேயே பிரித்து,
உள்ளிருந்ததை என்னிடமே நீட்டினாள்:
கால் பட்டை. புதியது. இரட்டைக் கொக்கி.
முத்திரையைப் பார்ப்பது தொழில் பழக்கம்.
வியாழக்கிழமை.
அவளைப் பார்த்தேன்.
"தாமதமாகக் கொண்டுவருகிறாய்," என்று
கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாக்கி பதினோரு தெரு.
மழை வேறு.
எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று
நினைவில்லை.