வாசர்

ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற நெரிசலில்
வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தார்கள்
உதுமாலெப்பையும் அவர் மருமகனும்.
"மலாவியில ஒரு கிராமம். குழாய்க் கிணறு.
ஏலுமானதப் போடுங்க."

மலாவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
தண்ணீர் இல்லையென்றால்
மாளிகைக்காட்டுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.
கடல் வந்துபோன மறுநாள்
எல்லாக் கிணறும் உப்பு.
ஒன்றுக்குள் தையல் மெசின் கிடந்தது.
நான்தான் இறங்கி எடுத்தேன்,
ஊசியில் அப்போதும் நூல் கோத்தபடி இருந்தது.

பிறகு பவுசர் வந்தது.
வாயில் நுழையாத ஊர்களிலிருந்து
கைப்பம்பிகள் வந்தன,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பலகை.
எங்கள் சுனாமி வீட்டுச் சுவரிலும் உண்டு:
யாரோ ஒரு சீமாட்டியின் நினைவாக.
பதினெட்டு வருசம் அவள் பெயருக்குக் கீழேதான்
விளக்குமாறு சாத்தியிருக்கிறது.
எப்படி மவுத்தானாள் என்று தெரியாது.
சின்ன மகளுக்கு அவள்
பக்கத்து வீட்டாள் மாதிரிப் பழக்கம்.

பம்பியைப் பற்றி எனக்குத் தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டு திருத்தியிருக்கிறேன்.
திருத்த ஏலாமல் விட்டது அதைவிடக் கூட.
இரும்பு கெடாது, குழாய் கெடாது.
உள்ளே ஒரு ரப்பர் வாசர் தேயும்.
ஐம்பது ரூபாச் சாமான்,
தந்தவன் நாட்டில்தான் கிடைக்கும்.
தந்தவன் படமெடுத்துக்கொண்டு போய்விட்டான்.
பிறகு பம்பியில் ஆடு கட்டலாம்.

துண்டு என்னிடம் வந்தது.
ஆயிரத்தைப் போட்டுவிட்டுக் கேட்டேன்:
"வாசருக்கு?"
"கிணத்துக்கே காசு காணாது,
நீ வாசர்ல நிக்கிறாய்."

மருமகனிடம் ஒரு இலக்கம் இருந்தது.
தியமிகே, அந்த ஊர்த் தண்ணீர்க் குழுச் செயலாளர்.
என் ஆங்கிலம் ஸ்பானர் பிடிக்கிற ஆங்கிலம்.
பம்பி என்ன வகை, வாசர் என்ன அளவு?
இரண்டு நாள் பதில் இல்லை.
மூன்றாம் நாள் ஒரு படம்:
உள்ளங்கையில் தேய்ந்த கறுப்பு வளையம்,
அளவுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி.
கீழே எழுதியிருந்தாள்:
கிணறு ஏற்கெனவே இருக்கிறது.
ஆறு வருசத்துக்கு முன் வேறொரு நாடு தந்தது.
இது மட்டும்தான் இல்லை.

படத்தை உதுமாலெப்பையிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.
"கிணறு எண்டு சொல்லி வாங்கின காசு, தம்பி.
கிணறாத்தான் போகணும்."
அவர் பொய் சொல்லவில்லை.
மேசையில் பலகைக்கான அளவு எழுதிய கடதாசி,
மூன்றடிக்கு இரண்டடி.

அவள் ஊர்த் தீக்குச்சியும் நம் குச்சியும்
ஒரே நீளமா?
அந்த ஒரு கேள்விக்கு நான்கு குறுஞ்செய்தி போனது.
பிறகு ட்ரக்டர் டியூப் வாங்கி
நாற்பது வாசர் வெட்டினேன்.
முதல் ஆறு சரிவரவில்லை.

தபாற்கந்தோரில் காரைதீவுப் பிள்ளை
பொதியைத் தராசில் வைத்தாள்.
"பெறுமதி?"
"இரண்டாயிரம்."
"அனுப்புகூலி அதப்போல மூண்டு மடங்கு வரும், அண்ணன்."
"வரட்டும்."
"அனுப்புறவர்ர பேர்?"
"கட்டாயமா?"
"கட்டாயம்."

எழுதினேன்,
ஒரு வாசருக்குள் அடங்குகிற அளவில்.
அவளால் வாசிக்க முடியவில்லை.
"கொஞ்சம் பெரிசா" என்று
படிவத்தைத் திருப்பித் தள்ளினாள்.